வில்மரத்தில் பட்டை நீக்கல்: கைக்கருவிகளை இயற்றிக்கொள்ளும் முறைகளும் அவற்றிற்குரிய தொழிற்சொற்களும்

முன்னுரை

வில் என்பது தமிழ் பயில்வோர்க்கு அயலான சொல்லன்று. சேரர் கொடியில் இலங்கிய சின்னம் அது. வேட்டுவர் கையிலும் வீரர் தோளிலும் இருந்த கருவி அது. ஆயினும் புறத்திணைப் பாடல்களை வகுப்பில் நடத்துங்கால், வில்லின் எப்பக்கத்தை முதுகு என்பர், எப்பக்கத்தை வயிறு என்பர் என்று வினவினால் விடை எழுவதில்லை. வில்லினால் செய்யப்பட்டவற்றை நாம் அறிவோம். வில் செய்யப்பட்ட முறையை அறியோம். மாணவர் மட்டுமன்றி ஆசிரியரும் இந்நிலையிலேயே உள்ளோம் எனலாம்.

இக்கட்டுரை பழந்தமிழர் வில்லைப் பற்றிய ஆய்வன்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒற்றை மரத்தால் வில் செய்யும் கைத்தொழில் இன்றும் பயிலப்படுகின்றது. அத்தொழிலின் ஒரு சிறு பகுதியாகிய பட்டை நீக்கலையும், அதற்கு வேண்டிய கைக்கருவிகளைக் கிடைத்த பொருள்களைக் கொண்டே இயற்றிக்கொள்ளும் முறைகளையும் விளக்குவதே இதன் நோக்கம். இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், வார இறுதிகளில் இத்தொழிலைக் கற்க முயன்றவர். அம்முயற்சியில் நேர்ந்த ஒரு தவறும், அத்தவறு எங்கு நேர்ந்தது என்பதைப் பிற்காலத்தில் காட்டிய ஒருவரின் அறிவும் இக்கட்டுரை எழுதக் காரணமாயின.

1. வில்லின் முதுகும் வயிறும்

வில்லை எய்வோனுக்கு எதிர்ப்புறமாக, குறியை நோக்கி அமையும் பக்கம் முதுகு எனப்படும். எய்வோனை நோக்கி அமையும் பக்கம் வயிறு எனப்படும். நாணை இழுக்குங்கால் வில் வளைகின்றது. அப்போது முதுகுப்புறம் நீள முற்படுகின்றது. வயிற்றுப்புறம் சுருங்க முற்படுகின்றது. எனவே முதுகு இழுவிசையையும் வயிறு அமுக்கவிசையையும் தாங்குகின்றன. இவ்விசைகள் வில்லின் நடுப்பகுதியில் மிகக் குறைவாகவும், இருபுற மேற்பரப்புகளில் மிக அதிகமாகவும் இருக்கும். ஆகவே வில்லின் முதுகில் தாள் அளவு தடிப்புள்ள மேற்பரப்புக்கூட அதன் ஆயுளை முடிவு செய்கின்றது.

மரம் நீளவாக்கில் ஓடும் நார்களால் ஆனது. குளிர்நாட்டு மரங்களில் ஆண்டுக்கு ஒரு வளையமாக மரம் வளர்கின்றது. வில்லின் முதுகில் ஒரே ஆண்டு வளையம் ஒரு நுனி முதல் மறுநுனி வரை அறுபடாமல் இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. வளையம் ஓரிடத்தில் அறுபட்டால் அங்கு நார்களின் தொடர்ச்சி அறுகின்றது. வில்லை வளைக்கும்போது அவ்விடத்தில் மெல்லிய சிம்பு ஒன்று எழும்பும். அதன்பின் வில் முறிவதற்கு நெடுநேரம் ஆகாது.

இவ்விதியை அறிந்து செய்யப்பட்ட விற்கள் வரலாற்றில் பல உள. 1545-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் மூழ்கி 1982-இல் வெளிக்கொணரப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் 172 விற்கள் கிடைத்தன. அவை யூ மரத்தால் ஆனவை. பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டிய நீளமுடையவை. அவற்றின் முதுகில் வெளிறிய சாற்றுக்கட்டையும் வயிற்றில் செந்நிற வைரக்கட்டையும் அமைந்துள்ளன. சாற்றுக்கட்டை இழுவிசையை நன்கு தாங்கும். வைரக்கட்டை அமுக்கவிசையை நன்கு தாங்கும். இருவேறு பொருள்களை ஒட்டவைத்தாற் போன்ற இவ்வமைப்பை இயற்கையே அம்மரத்தில் வைத்துள்ளது. வில் செய்வோர் அதனைக் கெடுக்காமல் வெளிக்கொணர்ந்தனர்.

சாம்பல் நிறப் பட்டையுடைய ஆஷ், எல்ம், ஹிக்கரி முதலிய வெண்மரங்களில் இப்பணி இன்னும் எளிது என்று தோன்றும். இம்மரங்களில் பட்டைக்கு நேர் கீழே உள்ள கடைசி ஆண்டு வளையமே வில்லின் முதுகாக அமையலாம். பட்டையை நீக்கிவிட்டால் முதுகு ஆயத்தமாகிவிடும். அதன்மேல் கருவி படவே வேண்டியதில்லை. ஆனால் இவ்வெளிமையே இடர்ப்பாடும் ஆகின்றது. பட்டையை நீக்கும் கருவி சற்றே ஆழ்ந்தால், காக்கப்பட வேண்டிய வளையமே அறுபடும்.

2. பட்டையின் அடுக்குகள்

பட்டை என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் பல அடுக்குகளின் தொகுதி. வெளியே இருப்பது புறப்பட்டை. இறந்த திசுக்களாலான தக்கை போன்ற காப்புறை. அதன் உள்ளே இருப்பது உட்பட்டை. இலைகள் ஆக்கிய உணவைக் கொண்டுசெல்லும் உயிருள்ள திசு. உட்பட்டைக்கும் மரத்திற்கும் இடையே கேம்பியம் எனப்படும் மிக மெல்லிய வளர்படை உள்ளது. கேம்பியம் உட்புறமாக மரத்தையும் வெளிப்புறமாக உட்பட்டையையும் ஆக்குகின்றது. கண்ணுக்குத் தனிப்படலமாகப் புலப்படாத அளவு மெல்லிய இதுவே மரம் பருப்பதற்குக் காரணம்.

வில் செய்வோர்க்குக் கேம்பியமே எல்லைக்கோடு. அதற்கு வெளியே உள்ள அனைத்தும் நீக்கப்பட வேண்டும். அதற்கு உள்ளே உள்ள எதுவும் தொடப்படலாகாது.

3. பருவமும் பட்டையும்

பட்டை எளிதில் கழலுமா, ஒட்டிக்கொள்ளுமா என்பது மரம் வெட்டப்பட்ட பருவத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் ஏப்ரல் இறுதி முதல் ஜூன் வரை மரங்கள் விரைந்து வளரும். அப்போது கேம்பியத்தில் புதிய திசுக்கள் மென்மையாகவும் ஈரமாகவும் இருக்கும். வெட்டிய உடனே பட்டையின் ஒரு முனையைக் கிளப்பி இழுத்தால் அது நீண்ட பட்டைகளாகக் கழன்று வரும். வெளிப்படும் மரம் ஈரத்தில் மின்னும். அதன் மேற்பரப்பில் ஒரு கீறலும் இராது.

குளிர்காலத்தில் வெட்டிய மரம் அவ்வாறன்று. கேம்பியம் உறங்கும் அக்காலத்தில் பட்டை மரத்தோடு இறுகப் பற்றியிருக்கும். உலர்ந்தபின் அது மேலும் இறுகும். அந்நிலையில் உட்பட்டையைச் சிறிது சிறிதாகவே நீக்க இயலும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் உட்பட்டை ஓரளவு இளகும்.

எனினும் வசந்தத்தில் உரிப்பதே எப்போதும் நன்று எனக் கருதலாகாது. பட்டையிழந்த ஈரமரம் விரைந்து உலர்வதால் முதுகில் வெடிப்புகள் தோன்றும். ஆகவே உரித்தவுடன் முதுகிலும் இரு முனைகளிலும் அரக்கு, மெழுகு, பசை இவற்றுள் ஒன்றைப் பூசி, ஈரம் மெல்ல வெளியேறுமாறு செய்தல் வேண்டும்.

4. நான்கு வினைகள், நான்கு வகைக் கருவிகள்

இத்தொழிலைக் கற்பிப்போர் பொதுவாகப் பட்டையை எடுத்தல் என்றே கூறுவர். ஆயினும் அவர்தம் கைகளை உற்று நோக்கின், அங்கு நிகழ்வது ஒரு வினையன்று, நான்கு வினைகள். அவற்றைத் தமிழில் சீவுதல், உரித்தல், சுரண்டுதல், வழித்தல் என வகுத்துரைக்கலாம். இவ்வினைகள் ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு வகைக் கருவி வேண்டும். இதனை உணர்ந்தால், கருவி கையில் இல்லாதபோது எதனைக் கொண்டு எதனை இயற்றிக்கொள்ளலாம் என்பதும் தெளிவாகும்.

4.1 சீவுதல்

கூரிய விளிம்பு பொருளுக்குள் புகுந்து, மெல்லிய சீவல்களாக அதனை நீக்குவது சீவுதல். எழுதுகோலையும் இளநீரையும் நாம் சீவுகின்றோம். தடித்த புறப்பட்டையை நீக்க இவ்வினை பயன்படும்.

இதற்கென வழங்கும் கருவி இரு முனைகளிலும் பிடியுள்ள நீண்ட கத்தி. இரு கைகளாலும் பற்றி, தன்பால் இழுத்துச் சீவ வேண்டும். அது கிடைக்காத இடத்தில், தடித்த முதுகுடைய பெரிய சமையற்கத்தியோ பாராங் கத்தியோ உதவும். அதன் நுனியை உலர்ந்த மரத்துண்டு ஒன்றினுள் அடித்து இறக்கி, அத்துண்டு பிளவாதவாறும் கழலாதவாறும் கயிற்றால் இறுகக் கட்டினால் இரண்டாம் பிடி ஆயத்தம். மரத்துண்டு அசைகின்றதா என்பதை அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

கத்தியை மரத்திற்கு மிகச் சாய்வாக, ஏறத்தாழப் படுத்தவாறு பிடித்தால் அது ஆழ்ந்து புகாமல் மேலேறி வரும். நிமிர்த்திப் பிடித்தால் ஆழும். நார்கள் மேலெழும் திசைக்கு எதிராகச் சீவினால் கத்தி நாரைப் பின்தொடர்ந்து உட்புகுந்துவிடும். அவ்வாறு நேர்வதை உணர்ந்தவுடன் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு: சீவுதல் புறப்பட்டையோடு நிற்க வேண்டும். உட்பட்டையின் பழுப்பு நிறம் தோன்றியதும் கூரிய கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

மரத்தை அசையாமல் பிடிக்கும் அமைப்பும் கருவியின் ஒரு பகுதியே. இங்கிலாந்தில், அமர்ந்தவாறே காலால் மிதித்து மரத்தை இறுக்கும் ஒரு சட்டத்தைப் பயன்படுத்துவர். அதனைக் குதிரை என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்குவர். அது இல்லாதபோது, விசிப்பலகையின் இடைவெளி வழியே ஒரு கயிற்று வளையத்தை இறக்கி, அதன் மேற்பகுதியால் மரத்தைச் சுற்றி, கீழ்ப்பகுதியைக் காலால் மிதித்து இறுக்கலாம். காலை எடுத்தால் மரம் விடுபடும், மிதித்தால் இறுகும்.

4.2 உரித்தல்

தானாகவே பிரியக்கூடிய ஓர் அடுக்கை முழுதாகக் கழற்றுவது உரித்தல். வாழைப்பழத்தை உரிக்கின்றோம், தேங்காயை உரிக்கின்றோம். இங்குக் கருவி வெட்டுவதில்லை. இரண்டு அடுக்குகளுக்கு இடையே புகுந்து நெம்புவதே அதன் பணி. மரவுரி என்னும் சொல்லில் உள்ள உரி இவ்வினையின் விளைவைக் குறிக்கும் பெயராக நிற்பது நினைவுகூரத்தக்கது.

வசந்தத்தில் வெட்டிய மரத்திற்கு உரித்தலே போதுமானது. இங்கிலாந்தில் தோல் பதனிடும் தொழிலுக்காக ஓக் மரப்பட்டையை உரித்தோர், தட்டையான மழுங்கிய முனையுடைய இரும்புக் கருவிகளையும், கால்நடைகளின் கால் எலும்பில் செய்த கருவிகளையும் பயன்படுத்தினர். இதனை இயற்றிக்கொள்வது மிக எளிது. முழங்கை நீளமுள்ள, உலர்ந்த கடின மரக்கோல் ஒன்றின் முனையை உளியின் வாய்போல் சரிவாகச் செதுக்கி, விளிம்பைச் சற்று உருட்டிவிட்டால் போதும். பழைய வாகனத்தின் வில்தகட்டுத் துண்டு கிடைப்பின், அதன் முனையை அரத்தால் தேய்த்து உருண்டையாக்கிக் கொள்ளலாம். அதனை நெருப்பிலிட வேண்டியதில்லை, கூராக்கவும் வேண்டியதில்லை.

இங்கு ஒரு கருத்தைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். கருவியைப் பொதுவாக அதன் கூர்மையால் மதிப்பிடுகின்றோம். பட்டை உரிக்கும் கருவிக்கோ கூர்மை குற்றமாகின்றது. அது பட்டையை நெம்பும் அளவு உறுதியாக இருக்க வேண்டும். மரத்தின் மேற்பரப்பை அறுக்கும் திறன் அதற்கு இருக்கலாகாது. மரக்கோலும் எலும்பும் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுகின்றன. வேறு கருவி கிடைக்காமையால் மட்டுமன்றி, அவற்றின் குறையே இங்கு நிறையாவதாலும் அவை பயன்பட்டன எனலாம்.

டென்மார்க்கின் ஹோல்ம்கோர் சதுப்புநிலத்தில் 1944-இல் கிடைத்த எல்ம் மர விற்கள் இதற்குத் துணைநிற்கின்றன. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடைக்கற்காலத்தைச் சேர்ந்தவை அவை. சிறு மரத்தின் இயற்கையான வெளிப்பரப்பே அவற்றின் முதுகாக அமைந்துள்ளது. அம்மக்களிடம் உலோகம் இல்லை. கல், எலும்பு, கொம்பு, மரம் இவற்றைக் கொண்டே ஒரு வளையத்தைக் கெடுக்காமல் வெளிப்படுத்தினர்.

4.3 சுரண்டுதல்

விளிம்பை மேற்பரப்பிற்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்தி, சிறிது சிறிதாகத் தேய்த்து நீக்குவது சுரண்டுதல். குளிர்காலத்தில் வெட்டிய மரத்தின் உட்பட்டையை நீக்க இவ்வினையே ஏற்றது. சீவும் கத்தி ஓர் இழுப்பில் நீக்குவதைச் சுரண்டி நீக்கப் பத்து இழுப்புகள் ஆகலாம். அத்தாமதமே காப்பாகும். ஒவ்வோர் இழுப்பிற்கும் பின் நிறத்தைப் பார்க்கவும் விரலால் தடவவும் நேரம் கிடைக்கின்றது.

பழைய கைரம்பத்தின் தகட்டிலிருந்து 10 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள துண்டை, பற்களை விலக்கி, வெட்டியெடுத்தால் சிறந்த சுரண்டி கிடைக்கும். அதன் நீள விளிம்பை அரத்தால் செங்கோணமாகத் தேய்த்து, திருப்புளியின் வழவழப்பான எஃகுத் தண்டால் அழுத்தித் தடவினால், விளிம்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு மடிப்பு உண்டாகும். சுரண்டுவது அம்மடிப்பே. தேய்ந்த தட்டை அரமும் இதற்கு உதவும். அதன் முனையைச் சாணைக்கல்லில் செங்கோணமாகத் தேய்த்துக்கொள்ளலாம். தேய்க்கும்போது அடிக்கடி நீரில் நனைத்தல் வேண்டும். எஃகு நீலநிறம் அடையுமாறு சூடேறினால் அதன் கடினம் குன்றிவிடும். அரம் எளிதில் நொறுங்கும் எஃகினால் ஆனது ஆதலின் அதனைச் சுத்தியலால் அடித்தலும் அதைக்கொண்டு நெம்புதலும் ஆகா.

மரக்கணுக்கள் உள்ள இடங்களில் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். அங்கு நேரான விளிம்புடைய சுரண்டி மேட்டை மட்டும் தேய்த்து வளையத்தை அறுத்துவிடும். மேட்டைச் சமமாக்குதல் பிழை. அதனைப் பின்பற்றிச் செல்லுதலே முறை. தேய்ந்த எவர்சில்வர்க் கரண்டியின் விளிம்பு, சிப்பி ஓடு, மூங்கிற் சிம்பு முதலிய வளைந்த விளிம்புகள் இவ்விடத்திற்குப் பொருந்தும்.

4.4 வழித்தல்

பரப்பில் ஒட்டியுள்ள மென்பொருளைத் துடைத்தாற்போல் நீக்குவது வழித்தல். மாவையும் சந்தனத்தையும் வழிக்கின்றோம். உட்பட்டை போனபின் மரத்தின்மேல் எஞ்சும் வழவழப்பான கேம்பியப் படலத்திற்கு இவ்வினை உரியது. ஈரமாக இருக்கும்போது கட்டைவிரல் நகமோ சொரசொரப்பான துணியோ போதும். உலர்ந்துவிட்டால் அது மெல்லிய பழுப்புத் தோலாக மரத்தில் படிந்துவிடும். அதனை நீக்க முயன்று வளையத்தைக் கீறுவதினும், அவ்வாறே விட்டுவிடுதல் நன்று. அதனால் வில்லின் வலிமைக்குக் குறைவில்லை.

5. முறிந்த ஒரு வில்

மேற்கூறியவற்றுள் சீவுதல் பற்றிய விதியை இக்கட்டுரையாளர் மீறினார். குளிர்காலத்தில் வெட்டிய ஆஷ் மரத்துண்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. புறப்பட்டையைக் கத்தியால் சீவியபின், உட்பட்டையைச் சுரண்டுவதற்குப் பொறுமையின்றி, அதே கத்தியால் தொடர்ந்து சீவினார். கத்தி நன்கு தீட்டப்பட்டிருந்தது. வேலை விரைந்து முடிந்தது. முதுகு வெண்மையாகவும் வழவழப்பாகவும் தோன்றியது. அதன்பின் வயிற்றுப்புறத்தை நான்கு மாத வார இறுதிகளில் செதுக்கி, இழைத்து, இரு கைகளும் ஒத்து வளையுமாறு செய்தார். முழு அளவு இழுத்த முதல் நாளிலேயே, கீழ்க்கையில் கணு ஒன்றின் அருகே சிம்பு எழும்பி வில் இரண்டாக முறிந்தது.

முறிந்த துண்டு ஒன்றை அவர் நாடு திரும்பியபோது உடன் கொண்டுவந்தார். அவருடைய தாயார் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். வில்லை அதற்குமுன் கையால் தொட்டறியாதவர். துண்டை வாங்கி, முதுகுப்புறத்தைக் கட்டைவிரலால் நெடுக வருடிச்சென்றவர், முறிவுக்குச் சற்று மேலே ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். "இங்கதான் காயம் பட்டிருக்கு. பட்டைய எடுக்கிறேன்னு மரத்தத் தொட்டுட்டப்பா" என்றார். உருப்பெருக்கியின் துணையுடன் பின்னர் நோக்கியபோது, அவ்விடத்தில் கடைசி வளையம் ஒரு விரற்கடை நீளத்திற்கு அறுபட்டிருந்தது தெரிந்தது.

6. பால்மரமும் வில்மரமும்

தாயார் அதனைக் கண்டறிந்தது தற்செயலன்று. இரப்பர் மரத்தின் பால் உட்பட்டையில் உள்ள பால்குழாய்களிலிருந்து வருவது. அக்குழாய்கள் கேம்பியத்தை நெருங்க நெருங்க மிகுதியாக உள்ளன. ஆழமாகச் சீவினால் பால் மிகும். ஆனால் கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் படும். காயம்பட்ட இடத்தில் புதிய பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாக வளரும். மீண்டும் அவ்விடத்தில் சீவ இயலாது. ஆகவே கேம்பியத்திற்கு 1 மி.மீ. அளவில் கத்தியை நிறுத்துவதே பால்மரம் சீவுவோரின் திறன். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, 1890-களில் மரத்தைக் கெடுக்காமல் மீண்டும் மீண்டும் சீவும் முறையை வகுத்தார். அம்முறையின் வெற்றி, நாள்தோறும் இருளில் விளக்கொளியில் அந்த 1 மி.மீ. இடைவெளியைக் காத்த கைகளிலேயே தங்கியிருந்தது. அக்கைகளுள் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர் கைகள்.

எங்கு நிறுத்த வேண்டும் என்பது எவ்வாறு தெரியும் என்று கேட்டபோது தாயார் தந்த விளக்கம் வருமாறு: "பட்டை நறநறன்னு இருக்கிற வரைக்கும் பயமில்ல. மெத்துன்னு ஆயிட்டா கைய இழுத்துக்கணும்." தாவரவியலும் இதனையே கூறுகின்றது. இரப்பர் மரத்தின் வெளிப்பட்டையில் கல்போன்ற கடின அணுக்கள் செறிந்துள்ளன. கேம்பியத்தை ஒட்டிய உட்பட்டையில் அவை அருகியுள்ளன. நூல்கள் கூறுவதைக் கத்தியின் அதிர்வு கைக்கு உணர்த்தியிருக்கின்றது.

வில்மரத்திலும் இவ்வறிவே வேண்டப்படுகின்றது. திசை மட்டுமே வேறு. பால்மரம் சீவுவோர் எல்லைக்கோட்டை அடையாமல் அதன் வெளிப்புறத்திலேயே நிற்க வேண்டும். வில் செய்வோர் அக்கோட்டை அடைந்து, அதன் உட்புறத்தைத் தீண்டாமல் நிற்க வேண்டும். இருவருக்கும் எதிரே இருப்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரே படலம். இங்கிலாந்தில் நான்கு மாதம் முயன்றும் கற்க இயலாத ஒன்றை அறிந்தவர் தம் இல்லத்திலேயே இருந்ததை இக்கட்டுரையாளர் அன்றுதான் உணர்ந்தார்.

7. நம் நாட்டில் முயல்வோர்க்கு ஒரு குறிப்பு

மேலே கூறிய ஆண்டு வளைய விதியை நம் காட்டு மரங்களுக்கு அவ்வாறே பொருத்திப் பார்க்கலாகாது. ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் உள்ள இந்நிலப்பகுதியில் பெரும்பாலான மரங்கள் தெளிவான ஆண்டு வளையங்களைக் காட்டுவதில்லை. இங்கு வளையத்தைத் தேடுவதினும் நாரின் ஓட்டத்தைத் தேடுதல் வேண்டும். மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தால், பிளவு நாரின் வழியே செல்லும். அதனால் ஓட்டம் விளங்கும். எனினும் பட்டைக்கு நேர் கீழுள்ள பரப்பு அறுபடாத நார்களால் ஆனது என்னும் உண்மை எந்நாட்டு மரத்திற்கும் பொதுவானது. எனவே பட்டையை மட்டும் நீக்கி, மரத்தைத் தொடாது விடும் முறை இங்கும் செல்லும்.

முடிவுரை

வில்மரத்தின் பட்டையை நீக்கும் பணியில் கருவியின் விலையோ கூர்மையோ முதன்மை பெறுவதில்லை. சீவ வேண்டிய அடுக்கு எது, உரிக்க வேண்டியது எது, சுரண்டவும் வழிக்கவும் வேண்டியவை எவை என்று பிரித்தறிவதே முதன்மையானது. அவ்வாறு பிரித்தறிந்தவர்க்கு உடைந்த ரம்பமும் தேய்ந்த கரண்டியும் மரக்கோலும் போதிய கருவிகள் ஆகும். பிரித்தறியாதவர்க்கு நன்கு தீட்டிய கத்தியும் கேடு விளைக்கும்.

இது தமிழ் கற்பிப்போர்க்கும் உரிய செய்தி. இன்று மாணவர் இந்நான்கு வினைகளுக்கும் எடுத்தல், வெட்டுதல் என்னும் இரண்டு சொற்களையே கொண்டு எழுதி முடிப்பதைக் காண்கின்றோம். அகராதியைப் புரட்டி வேறுபாட்டை மனனம் செய்விப்பதால் இக்குறை நீங்காது. ஈரமான சிறு மரக்கிளை ஒன்றையும், மழுங்கிய கோல், கரண்டி, துணி ஆகியவற்றையும் கொடுத்து, பட்டையை நீக்கச் செய்து, தாம் செய்த ஒவ்வொன்றையும் உரிய வினைச்சொல்லால் எழுதச் செய்தால், ஒரு பாடவேளையில் அவர்கள் வேறுபாட்டை உணர்வர். கூரிய கருவி அப்பயிற்சிக்குத் தேவையில்லை, இருத்தலும் கூடாது.

தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. பால்மரம் சீவிய தலைமுறையினர் முதுமையடைந்துள்ளனர். அவர்தம் கையறிவோடு நறநறப்பு, மெத்து, காயம் போன்ற சொற்களுக்கு அத்தொழிலில் இருந்த துல்லியமான பொருளும் மறையக்கூடும். நம் மாணவர் பலர்க்கு அத்தகைய பாட்டியோ தாத்தாவோ இன்னும் வீட்டில் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று கத்தியை எங்கு நிறுத்துவீர்கள் என்று கேட்டு, கூறும் விடையை அவர்கள் சொற்களிலேயே எழுதி வருமாறு பணித்தல் ஒவ்வோர் ஆசிரியரும் இவ்வாண்டே செய்யக்கூடிய பணியாகும்.